அப்பாவுக்கு, ஆன்டெனா தெற்கே பார்க்கும் ஊரிலிருந்து

லண்டன்
9 நவம்பர் 2025, ஞாயிறு

அன்புள்ள அப்பாவுக்கு,

போன வாரம் நான் போனில் சொன்னதில் பாதி உங்களுக்குக் கேட்கவில்லை என்று அம்மா சொன்னாள். காது மிஷினை மேஜை டிராயரில் பூட்டி வைத்துவிட்டால் எப்படிக் கேட்கும்? நான் இங்கே சத்தம் போட்டுப் பேசினால் பக்கத்து அறைப் பெண் சுவரைத் தட்டுகிறாள், அவளுக்கு நைட் ஷிப்ட், பாவம். அதனால் எழுதியே அனுப்பிவிடுகிறேன். தம்பி பெரிய எழுத்தில் பிரிண்ட் எடுத்துத் தருவான்.

நான் நன்றாக இருக்கிறேன். குளிர் ஆரம்பித்துவிட்டது, சாயங்காலம் நாலரை மணிக்கெல்லாம் கும்மிருட்டு. அரிசி, பருப்பு எல்லாம் கிடைக்கிறது. கருவேப்பிலைக்குக் காசு கேட்கிறார்கள் என்பதுதான் இன்னும் ஜீரணமாகவில்லை. இதையெல்லாம் அம்மாவிடம் சொல்லியாகிவிட்டது. உங்களுக்கு எழுத உட்கார்ந்தது வேறு விஷயம்.

இங்கே வீடுகளின் மேல் இன்னும் ஆன்டெனா இருக்கிறது அப்பா. மீன் முள் மாதிரி நிஜமான யாகி ஆன்டெனா, புகைபோக்கியோடு சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள். 2012இல் பழைய அனலாக் ஒளிபரப்பை நிறுத்திவிட்டார்கள். ஆனால் டிஜிட்டலும் அதே ஆன்டெனாவில்தான் வருகிறது, கேபிள்காரனுக்கு மாதாமாதம் அழ வேண்டியதில்லை. வந்த முதல் வாரம் பஸ்ஸுக்காக நிற்கும்போது அண்ணாந்து பார்த்தால், தெருவில் கிட்டத்தட்ட எல்லா ஆன்டெனாவும் தெற்கே பார்த்து நிற்கின்றன. டவர் அந்தப் பக்கம்தான் இருக்க வேண்டும் என்று தோன்றிவிட்டது, டிவி மெக்கானிக் மகள் இல்லையா. விசாரித்தால் சரிதான். லண்டனின் தெற்கே கிரிஸ்டல் பேலஸ் என்ற இடத்தில் 219 மீட்டர் உயரத்தில் டவர் நிற்கிறது.

நமக்கு ஒரு காலத்தில் தென்கிழக்கு. மெட்ராஸ் டிவி 1975 ஆகஸ்ட் 15லேயே வந்துவிட்டது, ஆனால் அது தூத்துக்குடி வரை எங்கே எட்டியது? 1982இல் தொடங்கிய இலங்கையின் ரூபவாஹினிதான் நமக்கு டிவி, பீதுருதாலகலை மலையிலிருந்து கடல் தாண்டி வந்தது. நீங்கள் மொட்டைமாடியில் ஆன்டெனா பைப்பைத் திருப்ப, சித்தப்பா கடைக்குள்ளிருந்து "இன்னும் கொஞ்சம், இன்னும், ஆங், போச்சு!" என்று கத்த, நான் வாசலில் நின்று அதை மேலே கத்துவேன். புரியாத சிங்களச் செய்தியைக்கூட ஒரு கூட்டம் உட்கார்ந்து பார்த்தது. கொடைக்கானல் டவர் வந்ததும் ஊர் ஆன்டெனாவெல்லாம் முதுகைக் காட்டி வடக்கே திரும்பின. அந்த மாதம் முழுக்க நீங்கள் வீட்டுக்கு வீடு ஏணியோடு அலைந்தது ஞாபகம் இருக்கிறதா?

சரி, இப்போது நான் பார்த்ததைச் சொல்கிறேன். நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்திலிருந்து டபிள்யூ3 பஸ் ஏறினால் அலெக்ஸாண்ட்ரா பேலஸ் போகலாம். குன்றின் மேல் பெரிய கட்டடம், ஒரு மூலையில் கோபுரம், அதன் தலையில் இரும்பு மாஸ்ட், அதாவது ஒளிபரப்புக் கம்பம். 1936 நவம்பர் 2ஆம் தேதி பிபிசி தன் டிவி ஒளிபரப்பை ஆரம்பித்தது அங்கிருந்துதான். மாஸ்ட் இன்னும் நிற்கிறது. போன ஞாயிறு லீவு, அதே நவம்பர் 2, யோசிக்காமல் போய்விட்டேன். கீழே லண்டன் முழுக்கத் தெரிகிறது. நாயைக் கூட்டிக்கொண்டு நடக்க வந்தவர்கள்தான் இருந்தார்கள், ஒருவரும் அந்த மாஸ்ட்டை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. எனக்குத்தான் கழுத்து வலித்தது.

உங்களுக்குப் பிடிக்கும் கதை ஒன்று அங்கே இருக்கிறது. ஆரம்பத்தில் ஒரே கட்டடத்தில் இரண்டு கம்பெனிகளின் முறை. ஒரு வாரம், டிவியை முதன்முதலில் செய்து காட்டிய ஜான் லோகி பேர்டின் 240 வரி (படத்தைக் குறுக்குக் கோடுகளாக அனுப்புவார்களே, அந்த வரி, கூடினால் படம் தெளிவு), மறு வாரம் மார்க்கோனி இஎம்ஐயின் 405 வரி. மாற்றி மாற்றி ஓடவிட்டு எது தேறுகிறது என்று பார்த்தார்கள். பேர்டின் ஸ்டுடியோவில் நடப்பதை முதலில் ஃபிலிமில் எடுத்து, அதை ஒரு நிமிஷத்துக்குள் கழுவி, ஈரத்தோடு ஸ்கேன் செய்து அனுப்ப வேண்டும். கழுவுகிற தொட்டியும் குழாயும் கேமராவோடு சேர்ந்தே இருந்ததால் கேமராவை இங்கே அங்கே நகர்த்த முடியாது. இஎம்ஐக்காரர்களுடையது முழு எலக்ட்ரானிக் கேமரா, இழுத்த இழுப்புக்கு வரும். இதில் யார் ஜெயிப்பார்கள் என்று கேட்கவா வேண்டும்? அதற்குள் நவம்பர் 30ஆம் தேதி ராத்திரி கிரிஸ்டல் பேலஸ் தீப்பிடித்து, அங்கே இருந்த பேர்டின் லேப்பும் சாம்பலானது. ஆமாம், அதே கிரிஸ்டல் பேலஸ், எங்கள் தெரு ஆன்டெனாக்கள் இப்போது பார்த்துக்கொண்டிருக்கும் இடம். 1937 பிப்ரவரியில் பேர்டின் முறையைக் கைவிட்டுவிட்டார்கள்.

பேர்ட் தோற்றுவிட்டாரே என்று மனசு கேட்கவில்லை, அவர் முதன்முதலில் டிவியைக் காட்டிய இடத்தையும் பார்த்துவிட்டேன். சோஹோவில் ஃப்ரித் தெரு, 22ஆம் எண். இப்போது கீழே ஒரு காபிக் கடை, மேலே நீல வட்டப் பலகையில் 1926இல் இந்த வீட்டில் ஜான் லோகி பேர்ட் டெலிவிஷனைச் செய்து காட்டினார் என்று எழுதியிருக்கிறது. தேதி ஜனவரி 26. 2026 குடியரசு தினத்துக்கு நூறு வருஷம்! வெறும் முப்பது வரிப் படம் அப்பா. நீங்கள் வாழ்நாள் முழுக்க ரிப்பேர் பார்த்தது 625. அந்த மனுஷர் முதலில் கட்டிய மிஷினில் இருந்தது தேயிலைப் பெட்டி, தொப்பி அட்டைப்பெட்டி, சைக்கிள் லைட்டின் லென்ஸ், துணி தைக்கிற ஊசி. நம்ம கடை மூலையில் கிடக்கும் சாமான்களை நினைத்துக்கொண்டேன். விளக்குச் சூடு தாங்க முடியாது என்பதால் முதலில் ஒரு பொம்மைத் தலையைத்தான் வைத்துப் பார்த்தார். முகம் தெளிவாகத் தெரிந்ததும் கீழே ஓடி, ஒரு ஆபீஸ் பையனை இழுத்து வந்து பொம்மை இருந்த இடத்தில் உட்கார வைத்தாராம். அவன் சூட்டுக்குப் பயந்து விலக, கையில் அரை கிரௌன் காசு கொடுத்து உட்கார வைக்க வேண்டியிருந்தது. டிவியில் தெரிய காசு வாங்கிய முதல் ஆள்!

அந்தக் கடையில் ஒரு காபி குடித்தேன். விலையைச் சொல்ல மாட்டேன், திட்டுவீர்கள்.

யுத்தம் வந்ததும் 1939 செப்டம்பர் 1ஆம் தேதி டிவியை நிறுத்திவிட்டார்கள். சிக்னலைப் பிடித்துக்கொண்டே எதிரி விமானம் வந்துவிடும் என்ற பயம், இன்ஜினியர்களும் ரேடாருக்குத் தேவைப்பட்டார்கள். கடைசியாகக் காட்டியதில் ஒன்று மிக்கி மவுஸ் கார்ட்டூன். 1946 ஜூன் 7ஆம் தேதி திரும்ப ஆரம்பித்தபோது அதே கார்ட்டூனைப் போட்டார்கள். விட்ட இடத்திலிருந்து தொடர்கிறோம் என்ற இந்தக் குசும்பு எனக்குப் பிடித்திருந்தது. சரியாக ஒரு வாரத்தில், ஜூன் 14ஆம் தேதி, பேர்ட் இறந்துபோனார்.

எங்கள் இல்லத்தில் எண்பது வயதுப் பாட்டி ஒருவர் இருக்கிறார். காலையில் என்ன சாப்பிட்டார் என்பது மறந்துபோகும், 1953 ஜூன் 2 மட்டும் மறக்கவில்லை. ராணி எலிசபெத்தின் முடிசூட்டு விழா. அப்போது அவருக்கு எட்டு வயது. அவர்கள் தெருவில் ஒரே ஒரு வீட்டில்தான் டிவி. வெளியே மழை, கூடத்தில் திரைச்சீலையை இழுத்து இருட்டாக்கி, கோயிலுக்குப் போவதுபோல் நல்ல உடுப்பு போட்டுக்கொண்டு தெருவே போய் உட்கார்ந்திருக்கிறது. பிள்ளைகள் தரையில், பெரியவர்கள் பின்னால். படம் எவ்வளவு பெரிது என்று கேட்டேன். மடியில் இருந்த சாப்பாட்டுத் தட்டைத் தூக்கிக் காட்டினார், பட்டாணி உருண்டு ஓடியது. தேவாலயத்துக்குள் கேமராவை விடக்கூடாது என்று முதலில் அரசாங்கமே சொல்லியிருக்கிறது, ஜனங்கள் சத்தம் போட்ட பிறகுதான் விட்டார்கள். எண்ணெய் பூசும் சடங்கை மட்டும் காட்டவில்லை. 2 கோடிக்கும் மேற்பட்டவர்கள் பார்த்தார்கள், ரேடியோவில் கேட்டவர்களைவிட அதிகம். அதைப் பார்த்துத்தான் பல வீடுகளில் டிவி வாங்கினார்கள். நமக்கு 1987இல் ராமாயணம் செய்த வேலையை இவர்களுக்கு ராணி செய்தார் என்று பாட்டியிடம் சொன்னேன். ராமர் யார், அவரும் ராஜாவா என்று கேட்டார். ஆமாம் என்றேன், வேறென்ன சொல்ல.

1955 செப்டம்பர் 22ஆம் தேதி ஐடிவி என்ற தனியார் சேனல் வந்தது, அதோடு விளம்பரமும் வந்தது. முதல் விளம்பரம் எது தெரியுமா? டூத்பேஸ்ட், பனிக்கட்டிக்குள் வைத்துக் காட்டினார்கள். 1960 டிசம்பரில் அதே ஐடிவியில் ஆரம்பித்த காரனேஷன் ஸ்ட்ரீட் சீரியல் இன்னும் ஓடுகிறது. அம்மாவிடம் சொல்லுங்கள், சீரியலை இழுக்கிறார்கள் என்று இனி நம்ம ஊர்க்காரர்களைக் குறை சொல்லக்கூடாது. முதல் எபிசோடில் வந்த நடிகர் 2025இல் 93 வயதிலும் அதே பாத்திரத்தில் வந்தார்.

கரண்ட் கட் கதையும் ஒன்று. பிபிசி இரண்டாவது சேனலை 1964 ஏப்ரல் 20ஆம் தேதி அமர்க்களமாகத் தொடங்க ஏற்பாடு செய்திருந்தார்கள். அன்று சாயங்காலம் பேட்டர்ஸீ மின்நிலையத்தில் தீ, மேற்கு லண்டன் இருட்டு, ஸ்டுடியோவும் இருட்டு. அலெக்ஸாண்ட்ரா பேலஸில் மட்டும் கரண்ட் இருந்ததால் அங்கிருந்து ஒருவர் செய்தி வாசித்து, மன்னிப்புக் கேட்டு ஒப்பேற்றினார். மறுநாள் காலை முதலில் ஓடியது குழந்தைகள் நிகழ்ச்சி. ராத்திரி முறைப்படி தொடங்கியபோது திரையில் ஒரு மெழுகுவர்த்தி, அதை ஊதி அணைத்தார்கள். இதைப் படித்துவிட்டு நான் தனியாகச் சிரித்தேன். நம்ம ஊரில் இது ஒரு செய்தியா? கலர் வந்தது 1967 ஜூலை 1ஆம் தேதி, விம்பிள்டன் டென்னிஸோடு. நமக்கு 1982இல்.

நம்மவர்களுக்காகவும் 1965 அக்டோபரில் ஒன்று தொடங்கினார்கள், இந்தியா, பாகிஸ்தானிலிருந்து வந்தவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் இந்தியும் உருதும் கலந்து. தலைப்புக்கு அர்த்தம், சொந்த வீடாகவே நினைத்துக்கொள்ளுங்கள். தமிழில் ஒன்றும் இல்லை, இருந்திருந்தாலும் அன்றைக்கு அதைப் பார்க்க எத்தனை பேர் இங்கே இருந்திருப்பார்கள்!

நீங்கள் நம்பாத விஷயம் இனிமேல்தான். இவர்கள் டிவி பார்த்து முடித்ததும் எழுந்து டீ போடுவார்கள். ஊரே ஒரே நேரத்தில் கரண்ட் கெட்டிலைப் போடும். 1990 ஜூலை 4ஆம் தேதி உலகக் கோப்பை கால்பந்து அரையிறுதியில் இங்கிலாந்து மேற்கு ஜெர்மனியிடம் பெனால்டியில் தோற்றதும் ஒரேயடியாக ஏறிய லோடு 2800 மெகாவாட். நம்ம ஊர் தெர்மலில் ஐந்து யூனிட்டும் ஓடினால்கூட 1050தானே? இரண்டரை தூத்துக்குடி தெர்மல், வெறும் டீக்கு! இதைச் சமாளிக்க வேல்ஸில் ஒரு மலையைக் குடைந்து நீர்மின் நிலையம் கட்டி வைத்திருக்கிறார்கள். ராத்திரியில் மிச்சக் கரண்டில் தண்ணீரை மேலே ஏற்றிக்கொண்டு, வேண்டும்போது திறந்துவிட்டால் சில விநாடிகளில் கரண்ட். எந்த நிகழ்ச்சி எத்தனை மணிக்கு முடிகிறது என்று மின்வாரியத்துக்காரர்கள் டிவி பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த காலம் உண்டு. நீங்கள் பார்க்க வேண்டிய வேலை அப்பா அது.

எங்கள் இல்லத்திலும் ஏழரை மணி சீரியல் முடிந்ததும் நான் போடும் டீ பதினாறு கப். கரண்ட் கிரிட்டை நான் ஒருத்தியே ஆட்டிவைக்கிறேன்.

டிவி பார்க்க இங்கே 2025 கணக்குப்படி வருஷ லைசென்ஸ் 174.50 பவுண்ட். கருப்பு வெள்ளை டிவி என்றால் 58.50தான், அதற்கும் இன்னும் லைசென்ஸ் கொடுக்கிறார்கள். கடை பரணில் அந்த ஷட்டர் வைத்த டயனோரா டிவி கிடக்கிறதே, அதைக் கொண்டுவந்தால் லாபம் என்று தம்பியிடம் சொன்னேன். விமானத்தில் ஏற்ற ஆகும் காசில் பத்து வருஷ லைசென்ஸ் கட்டலாம் என்கிறான். கணக்கில் புலி. நீங்கள் ரேடியோவுக்குப் போஸ்ட் ஆபீஸில் லைசென்ஸ் கட்டிய அந்தச் சின்னப் புத்தகம் இன்னும் டிராயரில் இருக்கிறதா? இருந்தால் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், பாட்டிக்குக் காட்ட வேண்டும்.

அப்புறம் ஒன்று. மொட்டைமாடிப் பைப்பைக் கழற்றி பழைய இரும்புக்குப் போடப் போவதாக அம்மா சொன்னாள், துணிக் கொடி கட்ட அது மட்டும்தான் இருக்கிறது என்றும் அவளே சொன்னாள். இப்போதைக்கு விட்டுவிடுங்கள். கழற்றியே ஆக வேண்டுமென்றால் தம்பி ஏறட்டும். நீங்கள் ஏணியில் ஏறினால் அம்மா எனக்கு உடனே போன் செய்வாள், எந்த நேரமானாலும்.

காது மிஷினைப் போட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் மகள்