நாயைக் கட்டிப் போட்டுவிட்டுக் கடலுக்குப் போக வேண்டாம்

படகுப் பயணச் செயலவையில் இருக்கும் அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம்.

போன செவ்வாய்க்கிழமை இரவு நம் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் ஒரு வரி போட்டிருந்தீர்கள்: "இவ்வாண்டும் படகில் நாய், பூனைக்கு அனுமதி இல்லை." கீழே பன்னிரண்டு பேர் கட்டைவிரல் தூக்கியிருந்தார்கள். நான் தூக்கவில்லை. புலனத்தில் பதில் எழுதினால் அடுத்தடுத்த செய்திகளில் அமுங்கிவிடும். அதனால் எல்லாரும் உட்கார்ந்து படிக்கும்படி இந்தத் திறந்த மடல்.

பேராக் மாநிலத்து லுமுட்டில் பாய்மரப் படகு ஏறி, பங்கோர் தீவைச் சுற்றி, பூலாவ் செம்பிலான் தீவுகள் வரை போய் மூன்றாம் நாள் திரும்புகிற இந்தப் பயணம் எனக்கும் உயிர்தான். எஸ்டேட் உடைந்து ஆளுக்கொரு தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) சிதறிப்போன நாம், வருடத்துக்கு ஒருமுறை ஒரே சட்டிச் சோற்றைத் தின்று பக்கத்தில் பக்கத்தில் படுத்துத் தூங்குவது அந்தப் படகில்தான். அதைக் கெடுக்க நான் எழுதவில்லை.

போன வருடம் நாம் திரும்பிய ஞாயிற்றுக்கிழமை மாலை என்னை ஒரு வீட்டுக்குக் கூப்பிட்டார்கள். யார் வீடு என்று எழுத மாட்டேன். அவர்கள் அழுததை நான் பார்த்தேன். பின்வாசலில் மாமரத்தடியில், சங்கிலி எட்டுகிற தூரம் வரை மண் வட்டமாகத் தேய்ந்திருந்தது. சட்டி நிறைய வைத்துவிட்டுப் போன சோறு புளித்து, எறும்பு மொய்த்துக் கிடந்தது. தண்ணீர்ப் பேசின் கவிழ்ந்து உருண்டு, சங்கிலி எட்டாத இடத்தில் ஒரு முழம் தள்ளிக் கிடந்தது. அவர்கள் நாய் டைகருக்கு உயிர் இருந்தது. தோலைப் பிடித்துத் தூக்கினால் தூக்கியபடியே நின்றது. ஈறு காய்ந்து என் விரலில் ஒட்டியது. பதினாலு வருடமாக விலங்கு மருத்துவர் ஒருவரிடம் உதவியாளராக வேலை பார்க்கிறேன். அந்த ஈற்றைத் தொட்டதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. இரவு முழுக்க நரம்பில் நீர் ஏற்றினோம். விடிவதற்குள் போய்விட்டது.

அவர்கள் கெட்டவர்கள் இல்லை. பக்கத்து வீட்டுப் பையன் வந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தான், அவன் ஊருக்குப் போய்விட்டான். அவ்வளவுதான் நடந்தது. படகில் இடமில்லை என்று சொன்ன நாம், அப்புறம் அந்த நாய்கள் எங்கே இருக்கும் என்று கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

இந்தத் தடை எப்படி வந்தது என்று எல்லாருக்கும் தெரியும். அதற்கு முந்தின வருடம் ஒரு நாய் படகில் வாந்தி எடுத்தது, பிள்ளைகள் அலறினார்கள், படகுக்காரர் முகம் சுளித்தார். அது என் கருப்பி. தவறு என்னுடையது. படகு ஏற அரை மணி நேரம் இருக்கும்போது கோழியும் சோறும் வயிறு முட்டப் போட்டேன். பயணத்துக்கு மூன்று நான்கு மணி நேரம் முன்பே சாப்பாட்டை நிறுத்தியிருக்க வேண்டும். கடல் ஒத்துக்கொள்ளாத நாய்க்கு வாந்தியை அடக்க மருத்துவரிடம் மாத்திரை இருக்கிறது, அதை முன்கூட்டியே வாங்கியிருக்க வேண்டும். என் அவசரத்துக்கு ஊரிலுள்ள எல்லா நாயும் தண்டனை அனுபவிப்பது நியாயமா?

வாந்தியைவிட எனக்கு மறக்காதது வேறொன்று. அன்று காலையிலிருந்து இரவு வரை கருப்பி சிறுநீர் கழிக்கவில்லை. படகின் மேல்தளத்தில் அங்குமிங்கும் நடக்கும், நிற்கும், என் முகத்தைப் பார்க்கும், திரும்பவும் நடக்கும். வீட்டுக்குள் சிறுநீர் கழிக்கக் கூடாது என்று குட்டியிலிருந்து பழக்கியது நாம்தானே. அதற்குப் படகும் வீடுதான். கடைசியில் தீவோரம் நங்கூரம் போட்டு, சிறு படகில் கரைக்குக் கொண்டுபோன பிறகுதான், கால் வைத்த இடத்திலேயே சிறுநீர் கழித்தது. நின்றுகொண்டே ஒரு நிமிடத்துக்கு மேல். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

அதற்குப் பிறகு, லுமுட் பக்கம் மீன் பிடிக்கும் சீனர் ஒருவர் படகில் மூன்று முறை அதைக் கூட்டிப்போய்ப் பழக்கினேன். வழி மிகச் சுலபம். வீட்டுப் பின்புறம் அது வழக்கமாகச் சிறுநீர் கழிக்கும் இடத்தில் ஒரு கோணிச் சாக்கை இரண்டு வாரம் விரித்து வைத்தேன். நாற்றம் ஏறிய அந்தச் சாக்கை அப்படியே படகுக்குக் கொண்டுபோய்ப் பின்பக்கம் விரித்தேன். முகர்ந்தது, சுற்றியது, கழித்தது. சாக்கைக் கயிற்றில் கட்டிக் கடலில் அலசினால் முடிந்தது வேலை.

தண்ணீர் விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். பதினைந்து கிலோ நாய்க்குச் சாதாரண நாளில் ஒரு லிட்டர் போதும். கடல் வெயிலில் அதற்கு இரண்டு மடங்கு எடுத்துக்கொள்ளுங்கள், மனிதர்கள் தண்ணீரோடு சேர்க்காமல் தனியாக. கடல் நீர் ஒரு லிட்டரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கிறது. தாகத்தில் நாய் அதை நக்கிக் குடிக்கும், குடித்தால் வாந்தியும் பேதியும் வரும், அதிகமானால் வலிப்பு வந்து உயிரே போகும். கடலில் குதித்து விளையாடிவிட்டு வந்தால் முதலில் நல்ல தண்ணீர் காட்டுங்கள்.

வெயிலும் அப்படித்தான். நமக்கு வியர்க்கிற மாதிரி நாய்க்கு உடம்பெல்லாம் வியர்க்காது. இரைத்து இரைத்துத்தான் சூட்டை இறக்கும். நடுப்பகலில் மேல்தளத்தில் புறங்கையை வைத்துப் பாருங்கள், ஐந்து விநாடி தாங்க முடியவில்லை என்றால் நாயின் பாதமும் தாங்காது. ஈரத்துணி, நிழல், காற்று, இது மூன்றும் வேண்டும். பக், புல்டாக் மாதிரிச் சப்பை மூக்கு நாய்களைத் தயவுசெய்து கூட்டி வராதீர்கள். நீச்சலும் சரியாக வராது, சூட்டில் மூச்சும் திணறும்.

மிதவைச் சட்டை இல்லாத நாய் படகு ஏறவே கூடாது என்று எழுதிப் போடுங்கள், நான் முதல் ஆளாகக் கட்டைவிரல் தூக்குகிறேன். முதுகில் கைப்பிடி வைத்தது வேண்டும். தண்ணீரில் விழுந்த நாயைப் பையைத் தூக்குகிற மாதிரி அதைப் பிடித்துத்தான் தூக்க முடியும். பாய் மாறும்போது அதன் கீழ்க்கட்டை சட்டென்று வீசித் திரும்பும், படகு ஒரு பக்கமாகச் சாயும், கயிறுகள் இழுபடும். அந்த நேரத்தில் நாய் உள்ளே இருக்க வேண்டும். இரவிலும் அப்படியே. நம் பக்கம் சுமத்ராவிலிருந்து வரும் புயற்காற்று விடியலுக்கு முன்தான் திடீரென்று அடிக்கும். அப்போது இருட்டில் நாயைத் தேடிக்கொண்டு யாரும் மேலே ஓடக் கூடாது.

இனி பூனை. பூனைக்கும் கப்பலுக்கும் என்ன சம்பந்தம் என்று ஒரு தம்பி குழுவில் கேட்டிருந்தார். எலி பிடிக்கவே அந்தக் காலத்துக் கப்பல்களில் பூனை வைத்திருந்தார்கள். மேத்யூ ஃபிளிண்டர்ஸ் என்ற ஆங்கிலேய மாலுமி 1801 முதல் 1803 வரை ஆஸ்திரேலியாவைச் சுற்றி வந்தபோது அவரோடு டிரிம் என்ற கறுப்புப் பூனையும் சுற்றி வந்தது. அது குட்டியாக இருக்கையில் கப்பலிலிருந்து கடலில் விழுந்து, நீந்தி வந்து, ஒரு கயிற்றைப் பிடித்து ஏறித் தப்பித்தது. இன்றைக்கும் பூனையோடு பாய்மரப் படகில் போகிறவர்கள் பின்பக்கம் தடித்த கயிறோ பழைய கம்பளத் துண்டோ தண்ணீர் வரை தொங்கவிடுவார்கள். கம்பி வேலி முழுக்க வலை கட்டுவார்கள், பூனை மலம் கழிக்கும் மணல் தட்டை உருளாதபடி மூலையில் கட்டி வைப்பார்கள்.

ஆனாலும் என் அபிப்பிராயத்தைக் கேட்டால், நம் ஊர்ப் பூனைகளில் பத்துக்கு ஒன்பதை வீட்டிலேயே விட்டுவிடலாம். பூனைக்கு ஆளைவிட இடம் முக்கியம். மூன்று நாளைக்கு அதைக் கூண்டில் வைத்து அலையில் ஆட்டுவதைவிட, தெரிந்த ஒருவர் தினமும் வந்து பார்ப்பது நல்லது. அப்படியும் கூட்டி வந்தால் ஒன்றை மறக்காதீர்கள்: நாம் விழுங்கும் மாத்திரையை அதற்குக் கொடுக்காதீர்கள். ஒரேயொரு பாரசிட்டமால் மாத்திரை ஒரு பூனையைக் கொன்றுவிடும். இரண்டு பூனைகள் அப்படிப் போனதை என் மேசையில் பார்த்திருக்கிறேன்.

படகில் வேலை செய்பவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பாய் கட்டும் தம்பிகள் இருவரும் மலாய்க்காரர்கள். நாயின் எச்சில் பட்டால் இஸ்லாமிய முறைப்படி அவர்கள் ஏழு தடவை கழுவ வேண்டும், அதில் ஒரு தடவை மண் கலந்த நீரில். நாம் படகு ஏறிய பிறகு அவர்களைச் சங்கடத்தில் மாட்டிவிடுவது மரியாதை இல்லை. படகு பேசத் தொடங்கும்போதே கேளுங்கள். இரண்டு படகில் ஒன்றை நாய் இல்லாத படகாக வைத்து, அதில் அவர்களையும், நாயென்றால் பயப்படும் நம் பிள்ளைகளையும் ஏற்றலாம். நாய் வருகிற படகுக்கு வேறு ஆள் போடுவதாகப் படகுக்காரர் என்னிடம் சொல்லியிருக்கிறார். கழுவித் துடைக்கும் கூலி தனியாம். அதை நாய் வைத்திருப்பவர்கள் கொடுப்போம், பொதுப் பணத்தில் கை வைக்க வேண்டாம்.

கரையில் இறங்கினால் நாய் கயிற்றில்தான் இருக்க வேண்டும். பங்கோரின் தெலுக் கெத்தாப்பாங் ஆமை முட்டையிடும் கடற்கரை. ஆமை முட்டையைக் காப்பதற்கென்றே செகாரியில் தனி நிலையம் இருக்கிறது. நாய்க்கு மணலைத் தோண்டுவதற்குக் காரணமே வேண்டாம். பங்கோர்க் குரங்குகளோடு சண்டை பிடித்தால் கடி வாங்குவது நாய்தான். தெலுக் நிப்பாவில் இருவாட்சிப் பறவைகள் கைக்கு எட்டும் தூரத்தில் வந்து உட்காரும், அங்கே பூனையை இறக்கவே கூடாது.

அடுத்த வருடம் லங்காவி, அங்கிருந்து தாய்லாந்து லிப்பே தீவு என்று சிலர் பேசுகிறீர்கள். அதற்கு மட்டும் நாய் வேண்டாம் என்று நானே சொல்கிறேன். 2015-இல் பெர்லிஸ், கெடா, பினாங்கில் வெறிநாய்க்கடி நோய் வந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அயல்நாட்டு மண்ணை மிதித்துவிட்டுத் திரும்பும் நாய்க்கு இறக்குமதி உரிமம் முதல் மருத்துவச் சான்று வரை வேண்டும். மூன்று நாள் உல்லாசத்துக்கு அது தாங்காது. பங்கோருக்கே போனாலும் தடுப்பூசி அட்டையைக் கையில் வைத்திருப்பது நல்லது.

இவ்வளவு எழுதியதற்குக் காரணம் டைகர் மட்டும் இல்லை. என் அம்மா பால்மரம் வெட்டிய காலத்தில், விடியற்காலைப் பெரட்டு (ஆள் கணக்கெடுப்பு) முடிந்து மர நிரைக்குப் போகும்போது மணி என்ற நாய் முன்னால் போகும். அம்மாவின் நெற்றி விளக்கு எட்டாத இடத்தில் பாம்பு கிடந்தால் மணி நின்றுவிடும், அம்மாவும் நின்றுவிடுவார். எஸ்டேட் விற்றுப்போய் லயத்தை (தொழிலாளர் வரிசை வீட்டை) காலி செய்தபோது, அடுக்குமாடியில் நாய் வைக்கக் கூடாது என்றார்கள். லோரியில் சாமான் ஏற்றும்போது மணி தானாக ஏறி என் தம்பி பக்கத்தில் உட்கார்ந்தது. அப்பா தூக்கி இறக்கினார். செம்பனைக் காட்டுச் சாலை முடியும் வரை லோரிக்குப் பின்னாலேயே ஓடி வந்தது. உங்களில் பாதிப் பேர் வீட்டிலும் இப்படி ஒரு நாய் இருந்தது. அன்று நமக்கு வேறு வழி இல்லை. இன்று இருக்கிறது.

அதனால் நான் கேட்பது இதுதான். அந்த ஒரு வரியை எடுத்துவிடுங்கள். எந்த நாய் வரலாம், எது வரக் கூடாது என்று ஒவ்வொன்றாகப் பார்த்து முடிவெடுப்போம். என்னால் முடிந்த வரை நானே வந்து பார்த்துச் சொல்கிறேன். வராத ஒவ்வொரு நாய்க்கும் பூனைக்கும், காலையும் மாலையும் தண்ணீர் மாற்றிச் சங்கிலியை அவிழ்த்துவிடப் பெயர் சொல்லி ஓர் ஆள் இருக்க வேண்டும். அந்தப் பெயர் இல்லாத வீட்டுக்குப் படகுச் சீட்டுக் கொடுக்காதீர்கள். ஆள் கிடைக்கவில்லை என்றால் என் வீட்டுப் பின்கட்டில் ஆறு நாய்க்கு இடம் இருக்கிறது, என் அக்கா மகள் பார்த்துக்கொள்வாள், காசு வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்குக் கருப்பியின் மிதவைச் சட்டையையும் அந்தக் கோணிச் சாக்கையும் கொண்டு வருகிறேன். பெயர் எழுத ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கியிருக்கிறேன். முதல் பக்கத்தை அந்த மாமரத்து வீட்டுக்கு ஒதுக்கி வைத்திருக்கிறேன். அவர்கள் புதிதாக ஒரு குட்டி எடுத்திருக்கிறார்கள், அதற்கு ஆறு மாதம்தான் ஆகிறது.

அன்புடன்,
உங்கள் பழைய மூன்றாம் லயத்துப் பெண்