தலையாட்டிய கதை

தக்கலை,
ஐப்பசி மழை

லே மக்கா,

சுகம்தானே? இங்கும் சுகம். ஓணத்துக்கு நீ அனுப்பிய செய்திக்குப் பதில் போடவில்லை. அதற்கான ஏச்சை நீ வரும்போது நேரில் வாங்கிக்கொள்கிறேன்.

இப்போது எழுதக் காரணம் ஒரு பத்திரம். சிரிக்காதே, பம்பு செட் கேஸ் மாதிரி இல்லை. இது முழுக்க என் தப்பு.

அருமனைப் பக்கத்திலிருந்து ஒரு பாட்டி வந்தார். மகளுக்கு 12.5 சென்ட் புரையிடம், அதான் வீட்டுமனை, எழுதி வைக்க வேண்டும். மூலப் பத்திரத்தைப் பார்த்து நான் டைப் செய்கிறேன், அவர் எதிரே உட்கார்ந்து ஏதோ சொல்லிக்கொண்டிருக்கிறார். என் ஒரு காதில் பாட்டு. உனக்குத்தான் தெரியுமே, அது இல்லாமல் எனக்குக் கை ஓடாது. நாலெல்லையில் கிழக்கையும் மேற்கையும் மாற்றிப் போட்டுவிட்டேன். பதிவும் ஆகிவிட்டது. மகள் வீட்டில் போய் வாசித்த பிறகுதான் தெரிந்திருக்கிறது, தோடு, அதான் ஓடை, இடம் மாறி ஓடுகிறதென்று!

பிழைத்திருத்தல் பத்திரம் என் செலவு. அது போகட்டும். பாட்டி திரும்ப இரண்டு பஸ் ஏறி வந்து உட்கார்ந்து, கோபமே இல்லாமல் கேட்டார்: "தோடு மேக்கேன்னு நான் அன்னைக்கே சொன்னேனே மக்களே. நீங்க தலையாட்டினியளே."

அந்தத் தலையாட்டல்தான் மக்கா என்னைத் தூங்கவிடவில்லை. காதில் விழாத பேச்சுக்கு ஆடிய தலை. வீட்டில் இவளிடம் சொன்னேன். "இதைக் கண்டுபிடிக்க உங்களுக்கு ஒரு பத்திரம் வேண்டியிருந்ததா?" என்று போய்விட்டாள்.

உடனே, இனி மௌனம்தான் என்று கிளம்பினேன். என் குணம் தெரியுமே, எதிலும் பாதி கிடையாது. ஆனால் நம்மூரில் மௌனம் எங்கே கிடைக்கும்? ஜங்ஷனில் பஸ் ஹாரன், பின்னால் ரப்பர் ஷீட் அடிக்கும் மெஷின், போதாததற்குப் பக்கத்துக் கோயிலில் கொடைத் திருவிழா. இரவு 10 மணி முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது, குடியிருப்புப் பகுதியில் பகலிலேயே 55 டெசிபல்தான் என்று 2000-லேயே விதி வந்தாயிற்று. அதைக் கூம்பு ஸ்பீக்கருக்கு யார் வாசித்துக் காட்டுவது? கன்னியாகுமரிப் பாறையில் தியான மண்டபத்தில்கூட 'ஓம்' என்று ஒலிப்பதிவு ஓடுகிறது, என்னைச் சொல்லி என்ன!

கதவைச் சாத்தி உட்கார்ந்தால் அதைவிட மோசம். சிட்டித் தவணை, மகன் பீஸ், அப்புறம் அண்ணன். அண்ணன் கடைசியாகச் சொன்னது. நீயும் அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றாய். ஆறு வருஷமாக அதன்மேல் பாட்டைப் போட்டு மூடியிருந்திருக்கிறேன். மூன்று நாள் வேலையே ஓடவில்லை. நாலாம் நாள் கொஞ்சம் அழுதேன். அவ்வளவுதான், அதை இனி கேட்காதே.

இப்போது ஒரு மாதிரி வழிக்கு வந்திருக்கிறேன். வாசித்து எழுதும் வேலைக்கு வார்த்தை உள்ள பாட்டு கிடையவே கிடையாது. பாட்டின் சொல்லும் பத்திரத்தின் சொல்லும் தலைக்குள் ஒரே வாசலில் முட்டிக்கொள்கின்றன. நகல் சரிபார்த்த பிறகு பைல் தைக்கிறேன் பார், அப்போது நாதஸ்வரம். ஆள் எதிரே இருந்தால் இயர்போன் டிராயருக்குள்.

ஆச்சரியம் வேறு இடத்தில் கிடந்தது. நீலகண்ட சிவனின் அந்த முகாரி ராகக் கீர்த்தனை இருக்கிறதே, மனுஷன் நம் பத்மநாபபுரத்தில் வாழ்ந்தவர், எத்தனை நூறு தடவை ஓடவிட்டிருப்பேன்! போன ஞாயிற்றுக்கிழமை வாசல் படிப்புரைத் திண்ணையில் சும்மா உட்கார்ந்து, வேறெதுவும் செய்யாமல் கேட்டேன். சரணம் எனக்குத் தெரியவே இல்லை மக்கா. பத்திரத்துக்கு மட்டும்தான் துரோகம் செய்தேன் என்று நினைத்தேன், பாட்டையும் ஏமாற்றியிருக்கிறேன்.

சுசீந்திரம் ஞாபகம் வந்தது. ஒரே கல்லில் குடைந்த அந்த இசைத்தூணில் நான் காதை வைத்துக்கொள்ள, நீ தட்ட, மொத்த வகுப்பும் கத்தியதில் ஒரு மண்ணும் கேட்கவில்லை. கணக்கு சார் உன் தலையில் தட்டினார், எல்லாரும் கப்சிப். அப்புறம்தான் கல்லுக்குள்ளிருந்து மெல்ல ஒரு சத்தம் வந்தது. இரண்டில் எது நல்ல சுருதி என்று இன்னும் எனக்குச் சந்தேகம்தான்.

திருத்திய பத்திரத்தை வாங்க நேற்று பாட்டி வந்தார். ஒரு சீப்பு மட்டிப்பழம் கொண்டு வந்திருந்தார், எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. மழை விடும்வரை இருந்து அவருக்கும் தம்பிக்கும் வழக்கு வந்த கதையைச் சொன்னார். அதில் ஒரு வரிகூடப் பத்திரத்துக்கு ஆகாது. முழுவதும் கேட்டேன், இரண்டு இடத்தில் குறுக்குக் கேள்வியும் போட்டேன்.

வெளிச்சத்தம் கேட்காத ஹெட்போன் ஒன்று உன்னிடம் கேட்டிருந்தேனே, அதை வேண்டாம் என்று சொல்வேன் என நினைத்திருப்பாய். கொண்டு வா. மாசியில் அடுத்த கொடை வருகிறது.

உன்
பத்திர எழுத்தர்