ஆஃபோ நாளில் பிறந்தவளுக்கு

பாளையங்கோட்டை,
ஜூலை 9

அன்பு மகளே,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். "அரசரே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். ஆனாலும் ஊர் எங்களை ஒரு முளை அடிக்க விடவில்லை. பன்னிரண்டு பனைகளுக்குச் சிவப்புக் குறி போட்டதற்கு அரிவாளோடு வந்துவிட்டார்கள். நான் யாரைக் கேட்க வேண்டும் அம்மா?" என்று எழுதியிருக்கிறாய். நைஜீரியாவில் அகுலு, நான்கா பக்கத்தில் மழை அரித்த செம்மண் பள்ளங்களை நானும் பார்த்திருக்கிறேன். ஒரு மழைக்காலம் முடிந்து போய்ப் பார்த்தால் போன ஆண்டு நடந்த பாதை இருக்காது, வீட்டின் பின்சுவர் அந்தரத்தில் தொங்கும். அவர்களுடைய வீடுகளைக் காப்பாற்றத்தான் நீ போயிருக்கிறாய், அவர்களே தடுக்கிறார்களே என்ற உன் வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனால் தவறு உன் பக்கம்தான் என்று நினைக்கிறேன். ஆறு ஆண்டுகள் அந்த மண்ணில் சோறு தின்றவள் என்ற உரிமையில் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே.

நீ போய்ப் பார்த்த இக்வே, அதாவது அந்த ஊர் அரசர், மரியாதைக்குரியவர்தான். ஆனால் அவர் சொன்னால் ஊர் கேட்டுக்கொள்ளும் என்று உனக்கு யார் சொன்னது? "இக்போ எங்வே எஸே" என்பது அங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த வாக்கு. இக்போ மக்களுக்கு அரசன் இல்லை என்று பொருள். ஒனிச்சா, ந்ரி போன்ற சில இடங்களில் பழங்காலம் தொட்டே அரசர்கள் உண்டு. பெரும்பாலான ஊர்களில் கிடையாது. வெள்ளைக்காரர்கள் வந்தபோது வரி வசூலிக்கவும் ஆணையிடவும் ஊருக்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது. தேடினார்கள், அகப்படவில்லை. கையில் அகப்பட்டவர்களிடம் ஒரு காகிதத்தைக் கொடுத்துத் தலைவராக்கினார்கள். காகிதத் தலைவர்களை ஊர் ஒருநாளும் மனதார ஏற்கவில்லை. இன்று ஊருக்கு ஊர் இருக்கும் இக்வேக்களில் பலருடைய பதவி, 1976க்குப் பிறகு மாநில அரசு கொண்டுவந்த ஏற்பாட்டில் உண்டானது. நாங்கள் 1979இல் போய் இறங்கியபோது, சில ஊர்களில் அந்தப் பதவியே மூன்று வயதுக் குழந்தையாக இருந்தது.

நிலம் இக்வேயுடையது அன்று. நிலம் உமுன்னாவுடையது. இந்தச் சொல்லை நன்றாக மனத்தில் வைத்துக்கொள். ஒரே தகப்பன் வழியில் வந்த பங்காளிகள் என்று நாம் சொல்வோமே, அதுதான் உமுன்னா. 'உமு' என்றால் பிள்ளைகள். அந்தப் பக்கத்தில் எத்தனை ஊர்கள் 'உமு' என்று தொடங்குகின்றன, பார். இன்னாருடைய பிள்ளைகள் என்பதே ஊரின் பெயர். ஊரைத் தோற்றுவித்தவருக்கு நான்கு மகன்கள் என்றால் ஊரில் நான்கு பகுதிகள் இருக்கும். மூத்தவன் வழிப் பகுதிக்கு விருந்தில் முதல் பங்கு, இளையவன் வழிக்குக் கடைசிப் பங்கு. உன்னிடம் இருக்கும் வரைபடத்தில் அது வெறும் தெருக்களாகத் தெரியும். அவர்களுக்கு அது வம்சாவளி. அந்த நாலு பகுதிகளின் மூப்பு வரிசையை நீ இன்னும் கேட்டே இருக்கமாட்டாய்.

உனக்குப் பிடிக்கும் என்பதால் அந்தப் பக்கத்துத் தோற்றக் கதையைச் சொல்கிறேன். ஆதியில் சுக்வு என்னும் பரம்பொருள் எரி என்பவரை வானத்திலிருந்து இறக்கியது. அனம்ப்ரா ஆற்றங்கரையில், இன்றைய அகுலேரியில் அவர் வந்து நின்றார். அப்போது பூமி முழுக்கச் சேறு, கால் வைத்தால் புதையும். அவ்காவிலிருந்து ஒரு கொல்லன் வந்து துருத்தி ஊதி மண்ணை உலர்த்திக் கெட்டியாக்கினான். நீ இப்போது செய்யப் போயிருக்கும் வேலையை அந்த நாட்டில் முதலில் செய்தவன் அவன்தான்! எரி இருந்தவரை வானமே உணவளித்தது. அவர் இறந்ததும் பஞ்சம். அவர் மகன் ந்ரி முறையிட்டபோது, மூத்த மகனையும் மூத்த மகளையும் பலியிடச் சொன்னது சுக்வு. மகனைப் புதைத்த இடத்தில் யாம் கிழங்கு முளைத்தது, மகளைப் புதைத்த இடத்தில் சேம்பு முளைத்தது. தன் பிள்ளைகளை இழந்து பெற்ற கிழங்கை ந்ரி எல்லா ஊர்களுக்கும் கொடுத்தார். பதிலாக, மண்ணுக்கு இழைக்கப்படும் குற்றங்களைக் கழுவித் தூய்மை செய்யும் உரிமையைப் பெற்றார்.

மண்ணுக்குக் குற்றம் இழைப்பது என்ற எண்ணத்தை விளங்கிக்கொண்டால்தான் உனக்கு அந்த ஊர் பிடிபடும். அங்கே சட்டம் அரசனிடமிருந்து வருவதன்று. அனி என்னும் பூமித்தாயிடமிருந்து வருகிறது; வேறு பக்கங்களில் ஆலா என்பார்கள். கொலையும் முறைகெட்ட உறவும் அவளுக்கு எதிரானவை. ந்ரியின் குருமார்கள் நெற்றியில் கோடு கோடாகக் கீறிய வடுக்களோடு, படையும் ஆயுதமும் இல்லாமல் ஊர் ஊராகப் போய்ப் பரிகாரம் செய்தார்கள். அந்த வடுவைக் கண்டால் போர் நடக்கும் ஊரிலும் வழிவிடுவார்களாம். ந்ரி அரசருக்கு இருந்த பலம் அவ்வளவுதான். 1911இல் பிரிட்டிஷ் அதிகாரிகள் அதையும் விட்டுக்கொடுக்கும்படி அவரைக் கட்டாயப்படுத்தினார்கள்.

இது வெறும் கதை என்று நினைக்காதே. ந்ரிக்குப் பக்கத்தில் இக்போ உக்வு இருக்கிறது. 1938இல் ஒருவர் தம் வீட்டு முற்றத்தில் நீர்த்தொட்டிக்காகக் குழி தோண்டியபோது வெண்கலப் பாத்திரங்கள் கிடைத்தன. 1959இல் தர்ஸ்டன் ஷா என்ற தொல்லியலாளர் முறையாக அகழ்ந்தார். ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட மணிகள் கிடைத்தன. ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை. அவற்றில் ஒரு வெண்கலக் குடத்தின் படத்தை அப்பா எனக்குக் காட்டினார். குடத்தைச் சுற்றிக் கயிற்று வலை, ஒவ்வொரு முடிச்சும் தெரிகிறது, அதுவும் வெண்கலம். நம் சுவாமிமலை வார்ப்பைப் பார்த்து வளர்ந்த அப்பா அந்தப் படத்திலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஒருநாள் உன் வேலையை நிறுத்திவிட்டு அங்கே போய் வா.

இப்போது, நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். இக்வேயிடம் சொல்லிவிட்டு, அந்த நிலத்துக்குரிய உமுன்னாவின் மூத்தவர் வீட்டுக்குப் போ. அளவுக் கருவிகளை வண்டியிலேயே விட்டுவிடு. முதலில் கோலாக் கொட்டை வரும். அது வரும்வரை வேலைப் பேச்சை எடுக்காதே. வந்த பிறகும் எடுக்காதே. தட்டை எல்லாரிடமும் காட்டுவார்கள், சுற்றிவிட்டு அது வீட்டுக்காரரின் கைக்கே திரும்பும். மூத்தவர் கொட்டையைக் கையில் ஏந்தி வேண்டுவார். இக்போவில்தான் வேண்டுவார், கோலாவுக்கு வேறு மொழி புரியாது என்பார்கள். 'பருந்தும் அமரட்டும், கழுகும் அமரட்டும், மற்றதை அமரவிடாததன் சிறகு ஒடியட்டும்' என்பார். ஒவ்வொரு வரிக்கும் கூடியிருப்பவர்கள் 'இசே' என்பார்கள். நீயும் சொல். பிறகு உடைப்பார்கள். நாலு பருப்பாகப் பிரிந்தால் முகங்கள் மலரும், நாலு சந்தை நாட்களும் வந்து உட்கார்ந்துவிட்டன என்று. ஈக்கே, ஓரியே, ஆஃபோ, ந்க்வோ. அதுதான் அவர்களுடைய வாரம். நிலக்கடலையும் மிளகாயும் அரைத்த விழுது தொட்டுத் தருவார்கள். கசக்கும். மென்று விழுங்கு. கோலாவைக் கொண்டுவருபவன் உயிரைக் கொண்டுவருகிறான் என்பது அவர்கள் வாக்கு.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பெண்கள் அந்தக் கொட்டையை உடைக்க மாட்டார்கள், பங்கும் ஆண்களுக்குப் பிறகுதான் வரும். நீ திட்டத்துக்கே தலைமைப் பொறியாளராக இருந்தாலும் அப்படித்தான். எனக்கு அது அன்றும் உறுத்தியது, இன்றும் உறுத்துகிறது. ஆனால் அந்தச் சபையைப் பார்த்துப் பெண்களுக்குக் குரலே இல்லை என்று முடிவு கட்டிவிடாதே. உமுவாடா என்பவர்கள் இருக்கிறார்கள், அந்த உமுன்னாவில் பிறந்து வேறு ஊர்களில் வாழ்க்கைப்பட்ட பெண்கள். பிறந்த வீட்டில் சாவு விழுந்தாலும் தகராறு நடந்தாலும் கூட்டமாக வந்து இறங்குவார்கள். அண்ணன் தம்பிகள் அவர்கள் சொல்லைத் தட்டுவது அரிது. ஒரு சாவு வீட்டில், ஐந்து நாட்களாகப் பேசாமல் இருந்த இரண்டு சகோதரர்களை அந்தப் பெண்கள் எதிரெதிரே உட்காரவைத்து, சமாதானம் ஆகும்வரை எழவிடாததை நான் கண்ணால் பார்த்தேன்.

1929இல் நடந்ததையும் அங்கிருந்த ஆசிரியைகளே எனக்குச் சொன்னார்கள். தெற்கே ஒலோகோவில், காகிதத் தலைவர் அனுப்பிய ஆள் ஒருவன் ந்வான்யெருவா என்ற கைம்பெண்ணிடம் வந்து, ஆடுகளையும் ஆட்களையும் எண்ணிச் சொல் என்றான். பெண்களுக்கும் வரி வரப்போகிறது என்ற பேச்சு பரவியிருந்த நேரம். 'உன் தாயை யாராவது எண்ணினார்களா?' என்று கேட்டார் அவர். பனை ஓலை கைமாறி ஊர் ஊராகச் செய்தி போனது. பெண்கள் ஆயிரக்கணக்கில் திரண்டு தலைவர்களின் வீடுகள் முன் பாடியும் ஆடியும் உட்கார்ந்தார்கள். வெள்ளைக்காரர்களின் படையினர் ஐம்பதுக்கும் மேற்பட்ட பெண்களைச் சுட்டுக் கொன்றார்கள். ஆனால் அந்தக் காகிதத் தலைவர் முறையும் அதோடு ஆட்டம் கண்டுவிட்டது. கையெழுத்தை மட்டும் நம்பிப் போன உனக்கு இந்தக் கதை இப்போது தேவை.

அடுத்த மாதம் ஆகஸ்ட். லாகோஸிலும் அபுஜாவிலும் இருக்கும் பெண்கள் எல்லாரும் ஊர் திரும்பிக் கூட்டம் போடுவார்கள். புது யாம் விழாவும் ஏறக்குறைய அப்போதுதான். அந்தக் கூட்டத்தில் பேச அனுமதி கேள். பள்ளம் எந்த வீட்டை எப்போது விழுங்கும் என்று அவர்களிடம் சொல். ஊர்ச் சங்கத்தாரையும் பார். பியாஃப்ரா உள்நாட்டுப் போர் 1970இல் முடிந்தபோது, வங்கியில் எவ்வளவு போட்டிருந்தாலும் ஓர் ஆளுக்கு இருபது பவுண்டு என்று கொடுத்துக் கைகழுவினார்கள். அப்படி வெறுங்கையோடு நின்றவர்கள் சங்கம் வைத்துத் தலைக்கு இவ்வளவு என்று வசூலித்துக் கட்டியெழுப்பிய பள்ளிக்கூடத்தில்தான் நான் கணக்குச் சொல்லிக்கொடுத்தேன்.

எல்லாம் பொன்னான ஊர் என்று சொல்ல வரவில்லை. ஓசு என்று ஒரு பிரிவினர் உண்டு, முன்னோர் காலத்தில் தெய்வங்களுக்கு நேர்ந்துவிடப்பட்டவர்களின் வழிவந்தவர்கள். 1956இல் சட்டம் போட்டு அந்த வேற்றுமையை ஒழித்தார்கள். கல்யாணப் பேச்சு வந்தால் மட்டும் குரலைத் தாழ்த்தி விசாரிப்பார்கள். நம்மூரில் பிறந்த எனக்கு அந்தத் தாழ்ந்த குரலை அடையாளம் காண மொழி தேவைப்படவில்லை. கூட்டத்தில் யாராவது எப்போதும் ஓரமாகவே உட்கார்ந்திருந்தால், அவர்களிடம் நீயாகப் போய்ப் பேசு.

கடைசியாக அந்தப் பனைகள்.

நீ 1981இல் பிறந்தாய். ஒன்பதாம் நாள் உன் தொப்புள்கொடி விழுந்தது. பக்கத்து வீட்டுக் கிழவியை நாங்கள் 'மாமா ந்நுக்வு' என்போம். அங்கே 'மாமா' என்றால் அம்மா, பெரியம்மா மாதிரி வைத்துக்கொள். ஆஃபோ நாளில் பிறந்தவள் என்று உன்னை ம்பாஃபோ என்றுதான் கூப்பிடுவார். கொடியை எங்கே வைத்தாய் என்று கேட்டார். துணியில் சுற்றி வைத்திருக்கிறேன் என்றேன். பதறிப்போனார். மண்ணில் புதைக்காவிட்டால் பிள்ளைக்கு ஊர் ஏது? அதற்கு எங்களுக்கு இங்கே நிலம் இல்லையே என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார்.

நாலு நாள் கழித்து, அடுத்த சந்தை வாரத்தில், அவருடைய கணவர் வழி ஆட்கள் ஏழெட்டுப் பேர் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். அவர் போய்க் கேட்டிருக்கிறார். உமுன்னா கூடி, கோலா உடைத்து, பேசி, ஒரு எண்ணெய்ப்பனைக் கன்றை ஒதுக்கியிருக்கிறார்கள். ஏனென்றால் கொடி புதைத்த மரம் அந்தப் பிள்ளைக்குச் சொந்தம். அந்நியக் குழந்தைக்குத் தங்கள் மண்ணில் ஒரு மரம் கொடுக்க எல்லாரும் சம்மதித்தாக வேண்டும். மாமா ந்நுக்வு சேப்பிலையில் கொடியை வைத்து, கத்தியால் குழி பறித்து, கையாலேயே மண்ணைத் தள்ளி மூடினார். நகக்கண் எல்லாம் செம்மண். அந்தக் கையோடு உன் நெற்றியைத் தொட்டார்.

ஒற்றைக் கன்றுக்கே அத்தனை பேரைக் கேட்டார்கள். நீ குறி போட்ட பன்னிரண்டு மரங்களில் எதன் அடியில் யாருடைய கொடி இருக்கிறது என்று ஒருவரையாவது கேட்டாயா?

அந்த ஊர் நீ தங்கியிருக்கும் இடத்திலிருந்து வண்டியில் ஒரு மணி நேரத்துக்குள்தான். பள்ளிக்கூடத்தின் பின்வாசலிலிருந்து கிழக்கே மூன்றாவது வேலி. மாமா ந்நுக்வு இப்போது இருக்கமாட்டார், பேரப்பிள்ளைகள் இருப்பார்கள். ஆஃபோ நாளாகப் பார்த்துப் போ. யார் என்று கேட்டால் உன் பட்டப்படிப்பையெல்லாம் சொல்லாதே, ம்பாஃபோ என்று சொல். மரத்துக்கு நாற்பது வயதுக்கு மேல் ஆகிறது, நன்றாக உயர்ந்திருக்கும். நின்றுகொண்டிருந்தால் பக்கத்தில் நின்று ஒரு படம் எடுத்து அனுப்பு. பள்ளம் விழுங்கியிருந்தாலும் எனக்கு எழுது.

உன்
அம்மா