நம் தொகுதி வேட்பாளர்: ஒரு முன்னாள் நிருபர்

வணக்கம் உறவுகளே. நம் வேட்பாளர் அக்காவின் முகம் பலருக்குத் தெரியும். இந்த முறை மலேசியாவின் பினாங்கு மாநிலச் சட்டமன்றத் தேர்தலில் நம் தொகுதியில் நிற்கிறார்.

தமிழ் நேசன் நாளிதழில் நிருபராக இருந்தவர். 1924-இல் தொடங்கிய அந்தப் பத்திரிகை 2019-இல் நின்றுபோகும் வரை எழுதினார். 2017 நவம்பர் வெள்ளத்தை மறந்திருக்க மாட்டீர்கள். நம் வரிசை வீடுகளில் இடுப்பளவு தண்ணீர். குறிப்புப் புத்தகத்தைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி எடுத்துக்கொண்டு, வீடு வீடாக வந்து என்னென்ன போச்சு என்று கேட்டு எழுதியவர் இவர்தான். என் அம்மாவிடம் அரை மணி நேரம் பேசினார். மறுவாரம் மெத்தை வந்ததா என்று கேட்கத் திரும்பவும் வந்தார். எனக்கு அது போதும்.

நிருபருக்கு அரசியல் தெரியுமா என்று சிலர் கேட்கிறார்கள். நம் முதலமைச்சர் சாவ் கொன் யாவும் பத்திரிகையில் வேலை பார்த்துவிட்டு வந்தவர்தானே.

சனிக்கிழமை இரவு 8 மணிக்கு நம் தாமான் (குடியிருப்பு) மண்டபத்தில் நம்மைச் சந்திக்க வருகிறார். கால்வாய், பள்ளி, வேலை, எதுவானாலும் நேரிலேயே கேளுங்கள். 18 வயதான பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள், அவர்களுக்கும் ஓட்டு உண்டு. அப்புறம், வர வண்டி இல்லாதவர்கள் இங்கேயே சொல்லுங்கள், நான் ஏற்றிக்கொள்கிறேன்.