எண்பது பரப்புப் புல்

வொரகுல், விக்ரோறியா
15 செப்டெம்பர் 2024

அன்பின் குமரன்,

உன் கடிதமும் காணியின் படங்களும் கிடைத்தன. மெல்பேர்ணுக்குத் தென்மேற்கே, ஜீலோங் பக்கத்து லாராவில் ஐந்து ஏக்கர்! எங்கள் யாழ்ப்பாணத்துக் கணக்கில் எண்பது பரப்பு. இரண்டு பரப்பு வளவுக்குள் கிணறு, தென்னை, மாட்டுக் கொட்டில், ஏழு பேர் என்று வளர்ந்தவன் நீ. படத்தில் வீட்டு விறாந்தையில் நின்று தூரத்தைப் பார்க்கிறாயே, அந்த முகத்தை நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா இருந்து இதைப் பார்த்திருக்க வேண்டும்.

படத்தைக் காட்டியவுடன் என் மனைவி கேட்டது ஒன்றுதான்: "இவ்வளவு புல்லையும் யார் வெட்டுவது?" நீயும் அதைத்தான் கேட்டு எழுதியிருக்கிறாய். ஏறியிருந்து ஓட்டும் புல்வெட்டியில் எதை வாங்கலாம், கடைக்காரர் காட்டிய, ஒரு போக்கில் 54 அங்குல அகலம் வெட்டும் இயந்திரத்துக்கு இந்தச் சனிக்கிழமைக்குள் பணம் கட்டினால் விலை குறைப்பாராம், கட்டவா என்று. கட்டாதே, குமரன். இயந்திரத்தைப் பார்க்குமுன் காணியைப் பார்க்க வேண்டும். நான் அதை மாற்றிச் செய்து உயிருக்கே வினை தேடிக்கொண்டவன். அந்தக் கதையை இதுவரை உனக்கு முழுதாகச் சொன்னதில்லை.

எங்கள் மேற்கு கிப்ஸ்லாந்து எப்படிப்பட்ட இடம் என்று நீ வந்து பார்த்திருக்கிறாய். மழையும் செம்மண்ணும் பால்மாடுகளும், ஒன்றன்பின் ஒன்றாக எழுந்து விழும் மேடுகளும். என் மூன்று ஏக்கரில் சமதரை என்று சொல்ல வீட்டைச் சுற்றியுள்ள கொஞ்ச இடம்தான் உண்டு. வாங்கப் போன அன்று அது என் நினைவில் இல்லை. குதிரைவலுவையும் வேகத்தையும் கேட்டேன். ஸீரோ ரேர்ண் என்கிற வகையைக் காட்டினார்கள். ஸ்டியரிங் கிடையாது, இரண்டு கைக்கும் இரண்டு நெம்புகோல்கள். நின்ற இடத்திலேயே பம்பரம் போலத் திரும்பும். கடையின் சீமெந்துத் தரையில் ஓட்டிப் பார்த்த பிறகு வேறொன்றையும் பார்க்க மனம் வரவில்லை.

அந்த வகையில் முன்சில்லுகள் தள்ளுவண்டிச் சில்லுகள் போல, போகிற போக்கில் சுழல்பவை. திருப்புவதும் நிறுத்துவதும் பின்சில்லுகள் இரண்டும்தான். அவை பிடியை விட்டால் திருப்புவதும் நிறுத்துவதும் ஒன்றாகப் போய்விடும். இது எனக்கு விளங்கியது ஒக்டோபர் மாதத்து ஒரு காலையில். பனி காயவில்லை. கிக்குயு புல் கணுக்காலுக்கு மேல் வளர்ந்திருந்தது. குளத்துக்கு இறங்கும் சரிவில் குறுக்காக ஓட்டினேன். மேல்பக்கச் சில்லு வழுக்கியது. நெம்புகோல்களைப் பின்னால் இழுத்தேன். சில்லுகள் பின்னோக்கிச் சுழன்றன, வண்டியோ கீழ்நோக்கியே போனது. உருண்டால் ஆளைக் காக்கும் இரும்பு வளைவை மரக்கிளையில் தட்டுகிறதே என்று நான்தான் மடித்து வைத்திருந்தேன். கரையில் நின்ற ஒரு பழைய மரக்குற்றியில் மோதி நின்றது. அதற்கப்பால் ஆறு அடி ஆழத் தண்ணீர். இறங்கிப் புல்லில் இருந்துவிட்டேன். எவ்வளவு நேரம் இருந்தேன் என்று தெரியாது. வீட்டுக்குள் மனைவி தேநீர் ஊற்றும் நேரம் அது.

பிறகுதான் கையேட்டைத் திறந்து படித்தேன். ஏறியிருந்து ஓட்டும் இயந்திரத்தைச் சரிவில் மேலும் கீழுமாக ஓட்ட வேண்டும், குறுக்கே ஓட்டக் கூடாது. கையால் தள்ளும் இயந்திரத்துக்கு விதி நேரெதிர். 15 பாகைக்கு மேற்பட்ட சரிவில் ஏறவே வேண்டாம் என்றுதான் பெரும்பாலான கையேடுகள் சொல்கின்றன. நான்கு மீற்றர் போகும்போது நிலம் ஒரு மீற்றர் உயர்ந்தால் ஏறக்குறைய அந்த எல்லையில் நிற்கிறாய் என்று வைத்துக்கொள். கைத்தொலைபேசியை ஒரு பலகையில் வைத்துக் குளக்கரையை அளந்தேன்: 21 பாகை. அந்த இயந்திரத்தை விற்றுவிட்டு, ஸ்டியரிங் பிடித்து முன்சில்லுகளால் திரும்புகிற சாதாரண வகையை, 42 அங்குலத்தில் வாங்கினேன். குளக்கரையை அதனாலும் வெட்டுவதில்லை. அங்கே போத்தல்தூரிகை மரங்களும் நாணல் போன்ற உள்ளூர்ப் புல்லும் நட்டுவிட்டேன். இப்போது அங்கே தவளைகள் கத்துகின்றன.

உன் காணியோ இதற்கு நேர்மாறு. படத்தில் யூ யாங்ஸ் மலை தூரத்தில் தெரிகிறது. உன் வேலிக்குள் நிலம் மேசை போலக் கிடக்கிறது. எனக்கு ஆகாத ஸீரோ ரேர்ண் உனக்கு மிகவும் பொருந்தும். வரிசையாக நட்டிருக்கிறாயே பழமரங்கள், அவற்றைச் சுற்றி வளைந்து வளைந்து வெட்ட அதைப் போல வேறொன்று இல்லை. ஆகவே கடைக்காரர் காட்டிய வகையில் எனக்கு மறுப்பில்லை. நான் அஞ்சுவது வேறு ஒன்றுக்கு.

கல். நீ வாங்கியிருப்பது பழைய எரிமலைக் குழம்பு உறைந்த சமவெளி. அந்தப் பக்கத்துப் பழைய பண்ணைகளில் கருங்கல்லை அடுக்கி வேலி கட்டியிருப்பதைப் பார்த்திருப்பாய். வயலிலிருந்து பொறுக்கிய கல்தான் அது. பொறுக்காமல் விட்டது இன்னும் புல்லுக்குள் கிடக்கிறது. வெட்டும் அலகின் நுனி மணிக்குக் கிட்டத்தட்ட 300 கிலோமீற்றர் வேகத்தில் சுழல்கிறது. அதில் ஒரு கல் பட்டால் அலகு வளையும், அது பொருத்தியிருக்கும் தண்டும் வளையும். பறக்கும் கல்லுக்கு யார் நிற்கிறார்கள் என்று தெரியாது. ஆகவே அலகுகளை மூடியிருக்கும் அடித்தட்டைக் குனிந்து பார். மலிவான இயந்திரங்களில் ஒற்றைத் தகட்டை அழுத்தி வளைத்திருப்பார்கள். தடித்த தகடுகளை வெட்டி உருக்கி ஒட்டிச் செய்தது உனக்கு வேண்டும். விலை கூடத்தான். கிப்ஸ்லாந்தில் நான் அதற்குப் பணம் கொடுக்கத் தேவையில்லை, லாராவில் நீ கொடுக்க வேண்டும். வெட்டும் உயரத்தை எட்டு சென்ரிமீற்றருக்குக் கீழே இறக்காதே. இந்த வசந்தத்திலேயே, புல் எழும்புமுன், வாளியோடு நடந்து கல் பொறுக்கு.

கடையில் எடுத்த படத்தில், இயந்திரத்தில் ஏறியிருக்கும் உன் மடியில் உன் அக்காவின் பேரன் இருக்கிறான். கோபிக்காதே, வீட்டில் அப்படிச் செய்யாதே. அலகு சுழலும்போது பிள்ளைகள் வீட்டுக்குள் இருக்க வேண்டும். ஒரு முறை மடியில் ஏறிய பிள்ளை, அடுத்த முறை சத்தம் கேட்டதும் பின்னால் ஓடிவரும். பின்னோக்கி எடுக்கும் ஓட்டுநருக்கு அது தெரியாது.

கல்லோடு சேர்ந்தது நெருப்பு. 1969 சனவரி 8ஆம் தேதி, நீ இப்போது வேலைக்குப் போய்வரும் அதே மெல்பேர்ண் நெடுஞ்சாலையில், லாராவுக்குக் கிட்ட, புல்தீ பாதையைக் கடந்தபோது 17 பேர் இறந்தார்கள். எரிந்தது பெருங்காடு அல்ல, காய்ந்த புல். அதனால் உன் ஊரில் புல் வெட்டுவது அழகுக்காகச் செய்கிற வேலை மாத்திரம் அல்ல. கோடையில் வீட்டைச் சுற்றிப் புல் 10 சென்ரிமீற்றருக்கு மேல் நிற்கக் கூடாது என்பது சி.எஃப்.ஏ. தீயணைப்புச் சேவையின் அறிவுரை. நகரசபையும் கோடைக்கு முன் பார்க்க வரும், புல்லை வெட்டச் சொல்லி அறிவித்தல் தரும். ஆனால் அலகு கல்லில் உரசினால் பொறி பறக்கும். புகைக்குழாயைச் சுற்றி அடைந்த காய்ந்த புல்லும் தீப்பிடிக்கும். பெரிய வெட்டெல்லாம் புல் பச்சையாக இருக்கும்போதே, நவம்பருக்குள் முடிந்துவிட வேண்டும். அதற்குப் பிறகு வெட்ட வேண்டிவந்தால் அதிகாலையில், தண்ணீர் பக்கத்தில் இருக்க. தீ மூட்டத் தடை அறிவித்த நாளில் இயந்திரத்தைத் தொடவே வேண்டாம். வேலை முடிந்ததும் ஒரு மணி நேரம் வெளியே ஆறவிட்டு, எஞ்சின் இடுக்கில் உள்ள புல்லை ஊதித் தள்ளிவிட்டுக் கொட்டிலுக்குள் ஏற்று.

இனி அகலம். 42 அங்குலத் தட்டு, முன் வெட்டிய தடத்தின் மேல் கொஞ்சம் ஏறி வெட்டுவதைக் கழித்தால், ஒரு போக்கில் சுமார் 95 சென்ரிமீற்றர் எடுக்கும். மணிக்கு 6 கிலோமீற்றரில் காகிதக் கணக்குக்கு 5,700 சதுர மீற்றர் வரும். ஏக்கருக்கு 4,047. ஆனால் மரம், மூலை, திருப்பம் எல்லாம் போக, என் அனுபவத்தில் மணிக்கு ஓர் ஏக்கர்தான். 54 அங்குலம் இதைவிட விரைவு, சந்தேகமில்லை. ஆனால் உன் ஐந்து ஏக்கரையும் நீயே வெட்ட வேண்டும் என்று யார் சொன்னது? வீடும் பழத்தோட்டமும் பாதையும் சேர்ந்து இரண்டு ஏக்கர் வரும். மீதி மூன்றில் பக்கத்துப் பண்ணைக்காரரின் ஆடுகளை மேயவிடக் கேட்டுப் பார். இல்லையென்றால் உழவு இயந்திரத்தின் பின்னால் வெட்டுபொறி பூட்டி வருகிறவரை ஆண்டுக்கு ஒரு தடவை கூப்பிடு. இரண்டு ஏக்கருக்கு 48 அங்குலம் தாராளம். இன்னொன்று: தட்டின் அளவைவிட, புல்லை வெளியே தள்ளும் வாயோடு சேர்த்து இயந்திரத்தின் மொத்த அகலம் ஒரு சாண் கூட இருக்கும். பின்வளவுப் படலை எத்தனை அங்குலம்? எனக்குத் தெரிந்த ஒருவர் இயந்திரம் வந்த பிறகு வேலியைப் பிடுங்கினார்.

எஞ்சினைப் பற்றி உனக்கு நான் பாடம் சொல்வதா? ஊரில் போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது நாலு சொட்டுப் பெற்றோலில் உதைத்துக் கிளப்பி, மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டியவன் நீ. ஜாம் போத்தல் விளக்கின் கீழ் காபரேற்றரைக் கழற்றிப் பூட்டுவாய், நான் விளக்கை உன் கையில் வெளிச்சம் படும்படி பிடித்துக்கொண்டு நிற்பேன். அதனால் ஒன்றிரண்டு மட்டும். இரட்டைச் சிலிண்டர் எடு. கவசாகி, பிறிக்ஸ், கோலர், இவை மூன்றுக்கும் பாகங்கள் எங்கும் கிடைக்கின்றன. குளிர்காலத்தில் தாங்கியில் பழைய பெற்றோலை விட்டுவைக்காதே, வசந்தத்தில் கிளம்ப மறுக்கும் இயந்திரங்களில் பாதிக்கு அதுதான் காரணம். பற்றரியில் ஓடுபவையும் நன்றாக வந்துவிட்டன, சத்தமும் இல்லை. ஆனால் இரண்டு ஏக்கரைத் தடித்த வசந்தப் புல்லில் ஒரே மூச்சில் முடிக்கக் கூடியதற்கு இன்றைய விலை என் மனதுக்கு ஒப்பவில்லை. பையில் புல் சேர்க்கும் அமைப்பும் வேண்டாம். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை இறங்கிக் கொட்டுவாய். பக்கவாட்டில் தள்ளிவிடட்டும், புல் மண்ணுக்கே போகட்டும்.

பெயரைவிட, பழுதுபார்ப்பவர் எவ்வளவு கிட்ட இருக்கிறார் என்பதைப் பார். என் முதல் இயந்திரத்தின் பட்டி அறுந்தபோது விற்றவர்கள் மூன்று வாரம் இழுத்தார்கள். மூன்று வாரத்தில் இங்கே புல் எவ்வளவு வளரும் என்று நினைத்துப் பார். ஜீலோங்கில் சொந்தப் பட்டறை வைத்து விற்கிற கடை ஏதும் இருந்தால், நூறு டொலர் கூடினாலும் அங்கே வாங்கு. பணம் கட்டுமுன், உன் உயரத்துக்கு இருக்கை சரிவருகிறதா என்று அரை மணி நேரமாவது ஏறியிருந்து பார். நம் இருவரின் முதுகும் இனிப் பழைய முதுகு அல்ல.

என் பக்கத்துச் செய்தி குறைவு. மகன் பிறிஸ்பேனில் படிப்பை முடிக்கிறான், டிசெம்பரில் வருவான். முழங்கால் சத்திரசிகிச்சை நன்றாக முடிந்தது, ஆறு வாரமாக இயந்திரத்தை மனைவிதான் ஓட்டுகிறாள். என்னைவிட நேராக வெட்டுகிறாள். எங்கள் கணக்கு வாத்தியார் சென்ற மாதம் ஊரில் காலமாகிவிட்டார் என்று கேள்விப்பட்டிருப்பாய். பள்ளிக்கூட மைதானத்தில் சிரமதானத்துக்கு அவர் நம் கையில் கத்தி தந்து புல் வெட்டவிட்டது இந்தக் கடிதத்தை எழுதும்போது நினைவுக்கு வந்துகொண்டே இருக்கிறது. மாலையானதும் எல்லோருக்கும் பனங்கட்டியும் தேநீரும் வாங்கித் தந்தார்.

சனிக்கிழமை நானே வருகிறேன். மனைவி கறிவேப்பிலைக் கன்று ஒன்று தந்துவிடுவாள், உறைபனிக் காலம் முடியும்வரை அதை வீட்டுக்குள் வை. காலை பத்து மணிக்குள் வந்துவிடுவேன். முதலில் காணியைச் சுற்றி நடப்போம், பிறகு கடைக்குப் போவோம். படலையை அளந்து வை. இரண்டு வாளியும் தடித்த கையுறையும் எடுத்து வை, நடக்கும்போதே கல் பொறுக்கலாம்.

அன்புடன்,
சண்முகம்