புது சிஸ்டத்துக்கு விண்டோஸ்: கொட்டேஷனில் அந்தத் தனி வரி எதற்கு?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

எங்கள் கொட்டேஷனைக் கையில் வாங்கியதும் பலர் கேட்பது ஒரே கேள்விதான். பிராசஸர், மதர்போர்டு, ரேம், எஸ்எஸ்டி, கேபினெட் எல்லாம் சரி, கடைசியில் 'விண்டோஸ் 11' என்று ஒரு வரி, எதிரே ஒரு கனமான தொகை. "மற்ற இடங்களில் சும்மாவே போட்டுத் தருகிறார்களே, நீங்கள் மட்டும் ஏன் காசு கேட்கிறீர்கள்?" கவுண்டரில் நாலு பேர் காத்திருக்கும்போது இதற்கு முழுப் பதில் சொல்ல வழியில்லை. அதனால் உட்கார்ந்து எழுதிவிட்டோம்.

கூடவே வரும் இன்னொரு கேள்வி: "என் லேப்டாப்பில் விண்டோஸ் தானாகவே இருந்ததே?" இருந்தது, ஆனால் சும்மா வரவில்லை. பிராண்டு லேப்டாப்பின் விலைக்குள்ளேயே விண்டோஸின் விலையும் அடங்கியிருக்கிறது. தொழிற்சாலையிலேயே அந்தக் கம்பெனி, கீயை (லைசென்ஸுக்கான ரகசியக் குறியீட்டை) மதர்போர்டின் பயாஸ் சிப்பில், அதாவது கம்ப்யூட்டரைத் தொடக்கிவைக்கும் சிப்பில், எழுதி அனுப்புகிறது. அதனால்தான் லேப்டாப்பை ஃபார்மட் அடித்து அதே எடிஷனை மறுபடி போட்டால் எதுவும் கேட்காமல் ஆக்டிவேட் ஆகிவிடுகிறது. ஏறக்குறைய ஒரே மாதிரி லேப்டாப் 'டாஸ்' என்று போட்டுக் குறைந்த விலைக்கு வருவதைப் பார்த்திருப்பீர்கள். அதில் விண்டோஸ் இல்லை, விலை வித்தியாசத்தில் பெரும்பங்கு அதுதான். அசெம்பிள்டு சிஸ்டத்துக்கு நாங்கள் வாங்கும் மதர்போர்டில் அப்படி எந்தக் கீயும் இருக்காது. லைசென்ஸைத் தனியாகத்தான் வாங்க வேண்டும்.

அந்த லைசென்ஸில் நீங்கள் அறிய வேண்டியது இரண்டு வகை. ஓஇஎம் என்பது சிஸ்டம் கட்டிக்கொடுக்கும் எங்களைப் போன்றவர்கள் பெட்டியோடு சேர்த்துத் தருவது. விலை குறைவு. ஆனால் எந்த மதர்போர்டில் முதலில் ஆக்டிவேட் ஆனதோ அந்தப் பெட்டியோடு அது முடிந்தது. ரேம் கூட்டலாம், எஸ்எஸ்டி மாற்றலாம், கிராபிக்ஸ் கார்டு போடலாம், பிரச்சினை இல்லை. மதர்போர்டு பழுதாகி மாற்றினால்கூட லைசென்ஸ் செல்லும். 'வேகம் போதவில்லை, புது போர்டு போடுகிறேன்' என்று நீங்களே மாற்றினால் புது லைசென்ஸ் வாங்க வேண்டும். ரீடெயில் என்பது விலை கூடுதல், ஆனால் உங்களோடு வரும். பழைய பெட்டியிலிருந்து எடுத்துவிட்டுப் புதியதில் போட்டுக்கொள்ளலாம், ஒரு நேரத்தில் ஒரு பெட்டி மட்டும்.

எங்கள் கருத்தைக் கேட்டால், அலுவலகத்தில் டாலி போட்டுக் கணக்கு எழுதும் சிஸ்டத்துக்கு ஓஇஎம் போதும். அந்தப் பெட்டி உடைந்து போகும்வரை யாரும் அதைத் திறக்கப் போவதில்லை. அடிக்கடி போர்டும் பிராசஸரும் மாற்றும் கேமிங் தம்பிகளும் வீடியோ எடிட்டிங் செய்பவர்களும் ரீடெயில் வாங்குவதுதான் நீண்ட நாளில் லாபம்.

சரி, ஆன்லைனில் முந்நூறுக்கும் ஐந்நூறுக்கும் கிடைக்கும் கீ? அதைக் காட்டி "இதையே போட்டுக் கொடுங்கள்" என்று கேட்பவர்கள் நிறையப் பேர். கீ பெரும்பாலும் உண்மையான 25 எழுத்துக் கீயாகத்தான் இருக்கும், ஆக்டிவேட்டும் ஆகும். அது எங்கிருந்து வந்தது என்பதுதான் சிக்கல். பெரிய நிறுவனங்களுக்கு மைக்ரோசாஃப்ட் வால்யூம் லைசென்ஸ் கொடுக்கிறது. ஒரே கீயில் குறிப்பிட்ட எண்ணிக்கை வரை கம்ப்யூட்டர்களை ஆக்டிவேட் செய்யலாம். அப்படி ஒரு கீ வெளியே கசிந்தால் ஒவ்வொருவருக்காக விற்கிறார்கள். உடைத்துப் போட்ட பழைய கம்ப்யூட்டரின் ஓஇஎம் கீயும் இப்படி விலைக்கு வருகிறது. மைக்ரோசாஃப்ட் அந்தக் கீயை முடக்கும் அன்று உங்கள் திரையின் வலது கீழ்மூலையில் 'ஆக்டிவேட் விண்டோஸ்' என்று வந்து நிற்கும். அப்போது விற்றவரைத் தேடினால் கிடைக்கமாட்டார், நீங்கள் வருவது எங்களிடம்தான். நீங்களே அந்தக் கீயைப் போட்டுக்கொள்வது உங்கள் விருப்பம். நாங்கள் எங்கள் கையால் போடுவதில்லை.

கிராக், அதாவது கீ வாங்காமலே விண்டோஸை ஏமாற்றி ஆக்டிவேட் செய்யும் நிரல், இதைவிட மோசம். வால்யூம் லைசென்ஸில் இன்னொரு முறை உண்டு. நிறுவனத்துக்குள் ஒரு சர்வர் இருக்கும், அங்குள்ள கம்ப்யூட்டர்கள் அதைத் தொடர்புகொண்டு ஆக்டிவேட் ஆகும், 180 நாளுக்குள் மறுபடி புதுப்பித்துக்கொள்ள வேண்டும். சந்தையில் சுற்றும் பல ஆக்டிவேட்டர்கள், அந்த சர்வர் இந்தப் பெட்டிக்குள்ளேயே இருப்பதாக விண்டோஸை நம்ப வைக்கின்றன. இதை ஓட்டுவதற்கு முதலில் ஆன்டிவைரஸை நிறுத்தச் சொல்வார்கள், அட்மின் அனுமதி கேட்பார்கள். யார் எழுதியது என்று தெரியாத ஒரு நிரலுக்கு முழு அதிகாரம் கொடுத்து, காவலையும் எடுத்துவிட்டு, அதே கம்ப்யூட்டரில் நெட் பேங்கிங்கும் ஜிஎஸ்டி ரிட்டர்னும் செய்கிறோம். கிராக் போட்டு வந்த சிஸ்டங்களில் டிஃபெண்டரை (விண்டோஸின் சொந்த ஆன்டிவைரஸை) திறந்து பார்த்தால், சில ஃபோல்டர்களை ஸ்கேன் செய்யக் கூடாது என்று விலக்கி வைத்திருப்பது தெரியும். வீட்டுக்கு வீடு அந்த ஃபோல்டரில் என்ன இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

சட்டமும் இருக்கிறது. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், பிரிவு 63பி: திருட்டு நகல் என்று தெரிந்தே ஒரு மென்பொருளைப் பயன்படுத்தினால் 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதம். தொழில் லாபத்துக்காகப் பயன்படுத்தவில்லை என்றால் நீதிமன்றம் சிறையைத் தவிர்த்து 50,000-க்குள் அபராதம் மட்டும் விதிக்கலாம். கடை, அலுவலகம், பயிற்சி மையம் நடத்துபவர்கள் அந்த 'லாபம்' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். தொழிலுக்கு வாங்குபவர்களுக்கு ஒரு நல்ல செய்தியும் உண்டு: லைசென்ஸ் ஜிஎஸ்டி பில்லில் வருகிறது, வழக்கமான முறையில் பதிவு செய்தவர்கள் அந்த 18 சதவீதத்தை உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொள்ளலாம்.

ஹோமா, புரோவா என்று குழம்ப வேண்டாம். வீட்டுக்கு ஹோம் போதும். வீட்டிலிருந்தபடி கடை சிஸ்டத்துக்குள் ரிமோட் டெஸ்க்டாப்பில் நுழைய வேண்டும், அல்லது அலுவலக டொமைனில் (எல்லாக் கம்ப்யூட்டரையும் ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் நெட்வொர்க்கில்) சேர்க்க வேண்டும் என்றால் புரோ. ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும். புரோவில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் வேலை செய்ய முடியும். ஒரே பெட்டியில் மூன்று பேர் மூன்று ஊரிலிருந்து டாலி பார்க்க வேண்டும் என்றால் அது சர்வர் லைசென்ஸ் சமாச்சாரம், நேரில் வாருங்கள், பேசுவோம்.

இனி ஓஎஸ் போடும் நாள். விண்டோஸை மைக்ரோசாஃப்ட்டின் சொந்தத் தளத்திலிருந்து இறக்கி, பென் டிரைவில் ஏற்றித்தான் போடுகிறோம். 'கேமிங் எடிஷன்', 'லைட் எடிஷன்' என்று யாரோ மாற்றி வெளியிடும் ஐஎஸ்ஓக்களை (இன்ஸ்டால் ஃபைல்களை) தொடுவதில்லை. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், பயாஸ் யூஇஎஃப்ஐ என்ற புது வகையாக இருந்து, நம்பகமான மென்பொருளை மட்டும் தொடங்க விடும் செக்யூர் பூட் வசதியும் வேண்டும். புது போர்டுகளில் இதற்காகத் தனிச் சிப் வாங்கத் தேவையில்லை. டிபிஎம் இன்டெலில் பிடிடி என்றும் ஏஎம்டியில் எஃப்டிபிஎம் என்றும் பயாஸுக்குள்ளேயே இருக்கிறது, அணைந்திருந்தால் போட்டுவிட வேண்டும். வலோரன்ட் விளையாடுபவர்கள் டிபிஎம், செக்யூர் பூட் இரண்டையும் பிற்பாடு அணைத்துவிடாதீர்கள். விண்டோஸ் 11-இல் அந்த விளையாட்டு இவை இல்லாமல் திறக்காது. ரேம் 4 ஜிபி, இடம் 64 ஜிபி என்று மைக்ரோசாஃப்ட் சொல்லும் குறைந்தபட்சம் காகிதத்துக்குச் சரி. 8-க்குக் கீழே நாங்கள் கட்டித் தருவதில்லை.

சொந்தமாக வீட்டில் அசெம்பிள் செய்பவர்களும் இதைப் படிப்பீர்கள் என்பதால் இரண்டு இடங்களைச் சொல்லிவிடுகிறோம். சில இன்டெல் போர்டுகளில், குறிப்பாக 11-ஆம் தலைமுறையிலிருந்து, விண்டோஸ் செட்டப் 'டிரைவ் எதுவும் இல்லை' என்று காட்டும். எஸ்எஸ்டி பழுது என்று கழற்றிக்கொண்டு ஓடி வராதீர்கள். எஸ்எஸ்டியை நிர்வகிக்கும் விஎம்டி என்ற இன்டெல் அமைப்பு இயங்கினால் இன்டெலின் ஸ்டோரேஜ் டிரைவரைப் பென் டிரைவிலிருந்து ஏற்ற வேண்டும். அல்லது பயாஸில் விஎம்டியை அணைத்துவிட்டுப் போடலாம். விண்டோஸ் போட்ட பிறகு அதை மாற்றினால் பூட் ஆகாமல் போகலாம், எனவே முதலிலேயே முடிவு செய்யுங்கள். இன்னொன்று, செட்டப்பின் நடுவில் இன்டர்நெட் கேட்கும். புது வைஃபை சிப்புக்கு விண்டோஸில் டிரைவர் இல்லையென்றால் அங்கேயே நின்றுவிடும். போர்டு கம்பெனியின் தளத்திலிருந்து லேன், வைஃபை டிரைவர்களை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இன்டர்நெட் கேட்பது மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டுக்காக. இந்த மடலில் ஒரே ஒரு பத்தியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். அவசரத்தில் "உங்கள் மெயில் ஐடி எதையாவது போட்டு முடித்துக் கொடுங்கள்" என்பார்கள் வாடிக்கையாளர்கள். நாங்கள் மறுத்துவிடுவோம். காரணம் இரண்டு. ஆக்டிவேட் ஆன லைசென்ஸ் அந்த அக்கவுன்ட்டோடு இணைகிறது. பிற்பாடு போர்டு மாற்ற நேர்ந்தால் அதே அக்கவுன்ட்டில் நுழைந்து 'ஹார்ட்வேர் மாற்றியிருக்கிறேன்' என்று சொல்லித்தான் மீட்க வேண்டும். அது எங்கள் அக்கவுன்ட்டாக இருந்தால் உங்கள் சொத்து எங்கள் பெயரில் பதிவானது போலத்தான். இரண்டாவது காரணம் இன்னும் பெரியது. விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பைப் புதிதாகப் போட்டு மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டில் நுழைந்தால், ஹோம் எடிஷனிலும் டிரைவ் தானாகவே என்கிரிப்ட் ஆகிவிடும், அதாவது பூட்டப்பட்டுவிடும். தினமும் வேலை செய்யும்போது அது தெரியாது. பயாஸ் அப்டேட் செய்தாலோ, எஸ்எஸ்டியைக் கழற்றி வேறு பெட்டியில் மாட்டினாலோ, நீலத் திரையில் 48 இலக்க ரெக்கவரி கீ கேட்கும். அந்தக் கீ அக்கவுன்ட்டில்தான் இருக்கும். அக்கவுன்ட் எதுவென்று தெரியவில்லை, பாஸ்வேர்டு மறந்துவிட்டது, கொடுத்த செல் நம்பர் இப்போது இல்லை என்றால் உள்ளே இருக்கும் கல்யாண போட்டோவையும் கணக்கையும் நாங்களும் எடுக்க முடியாது, மைக்ரோசாஃப்ட்டும் எடுத்துத் தராது. அதனால் உங்கள் மெயிலில், உங்கள் செல்லில் ஓடிபி வாங்கி, உங்கள் முன்னாலேயே செட்டப் முடித்து, அந்த ரெக்கவரி கீயை அச்சடித்துப் பில்லோடு பின் செய்து தருகிறோம். என்கிரிப்ஷன் வேண்டாம் என்றால் அணைத்தும் தருவோம். லேப்டாப்புக்கு இருக்கட்டும் என்போம், வீட்டு மேஜையை விட்டு நகராத பெட்டிக்கு உங்கள் இஷ்டம்.

காசு கொடுக்க மனமில்லை, கிராக்கும் வேண்டாம் என்பவர்களுக்கு லினக்ஸ் இருக்கிறது. நம் ஊரில் இது புதுசும் இல்லை. அரசு கொடுத்த விலையில்லா லேப்டாப்பில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது பலருக்கு நினைவிருக்கும். அது மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கியது. யூடியூப், மெயில், பிள்ளைகளின் ஆன்லைன் வகுப்பு, லிப்ரே ஆஃபிஸில் கடிதம், கணக்கு, இவ்வளவுதான் என்றால் லினக்ஸ் மின்ட் தாராளமாகப் போதும். லைசென்ஸ் கட்டணம் இல்லை, போட்டுத் தரும் கூலி மட்டும். ஆனால் டாலியும் ஃபோட்டோஷாப்பும் லினக்ஸுக்கு வருவதில்லை. டிஜிட்டல் கையெழுத்து டோக்கன், பழைய பிரிண்டர் வைத்திருப்பவர்கள் அவற்றைக் கடைக்கே கொண்டு வாருங்கள், மாட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

கீயைப் பிறகு வாங்கிக்கொள்கிறேன் என்றாலும் சரி. கீ இல்லாமலே விண்டோஸைப் போட்டுவைக்க முடியும், வால்பேப்பர், தீம் போன்றவற்றை மாற்ற விடாது, மூலையில் அந்த 'ஆக்டிவேட் விண்டோஸ்' எழுத்து நிற்கும். அதையே நிரந்தரமாக வைத்துக்கொள்ள லைசென்ஸ் விதி இடம் தரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறோம்.

பழைய விண்டோஸ் 7, 8 கீயைக் கொண்டு வந்து புதுப் பெட்டியில் போடச் சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்த வழியை மைக்ரோசாஃப்ட் 2023 செப்டம்பரில் அடைத்துவிட்டது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. பதிவு செய்துகொண்ட வீட்டு உபயோகிப்பாளர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் நீட்டிப்பு என்று அறிவித்தார்கள். அது பழைய பெட்டி வைத்திருப்பவர்களுக்கு, புதிதாகக் கட்டுவதில் 10 போடச் சொல்லாதீர்கள். பழைய சிஸ்டத்தில் இருக்கும் விண்டோஸ் ரீடெயிலா ஓஇஎம்மா என்று தெரியாவிட்டால் பெட்டியைக் கொண்டு வாருங்கள், ஒரே ஒரு கட்டளையில் பார்த்துச் சொல்லிவிடுவோம், காசு வேண்டாம்.

தமிழில் தட்டச்சு செய்பவர்களுக்குத் தமிழ்99, அஞ்சல் இரண்டு விசைப்பலகைகளும் விண்டோஸிலேயே இருக்கின்றன, கேட்டால் அமைத்துத் தருவோம். பழைய எழுத்துருக்களில் வேலை செய்யும் டிடிபி கடைக்காரர்கள் அந்த மென்பொருளின் சிடியோ டாங்கிளோ இருந்தால் மறக்காமல் எடுத்து வாருங்கள்.

டெலிவரி எடுக்க வரும்போது செல்போன், மெயில் ஐடியின் பாஸ்வேர்டு, ஜிஎஸ்டி எண் மூன்றும் கையில் இருக்கட்டும். பழைய பெட்டியிலிருந்து டாலியை மாற்றுபவர்கள், அந்தப் பெட்டியை ஃபார்மட் அடிக்கும் முன்பே டேட்டாவை பேக்கப் எடுத்து, டாலி லைசென்ஸை அதிலேயே சரண்டர் செய்துவிட்டு (அந்தப் பெட்டியிலிருந்து விடுவித்துவிட்டு) வாருங்கள். அப்டேட்டுகள் இறங்கி முடிய நேரம் எடுக்கும் என்பதால் செட்டப்புக்குக் காலையில் வருவது நல்லது. மாலை ஆறு மணிக்கு மேல் வந்தால் மறுநாள்தான்.

இப்படிக்கு,
உங்கள் கம்ப்யூட்டர் கடை,
ஈரோடு