கறுப்புக் கோடுகளுக்குள் ஒளிந்த தையல்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ரெட்ரோ என்னும் பழைய காலப் பாணியிலும், விளம்பரம், காமிக்ஸ் படங்களைக் கலையாக்கும் பாப் ஆர்ட்டிலும் மனத்தைப் பறிகொடுத்த ஆடை வடிவமைப்பாளரைப் பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். நிறம், அச்சு, ஓவியம் எல்லாம் இருக்கிறது. துணி வெட்டுவதைப் பற்றி ஒரு வரி இல்லை.

கூடவே பிரெஞ்சு வடிவமைப்பாளர் ஈவ் சான் லொரானின் 1965ஆம் ஆண்டுக் கட்டம் போட்ட ஆடையின் படத்தைப் போட்டிருந்தீர்கள். அது பாப் ஆர்ட் அல்ல. அந்தக் கட்டங்களுக்கு மூலமான ஓவியர் மோந்திரியான், பாப் ஆர்ட் பிறக்கும் முன்பே, 1944லேயே காலமாகிவிட்டார். அது போகட்டும். அந்தக் கட்டங்கள் அச்சடித்தவை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இல்லையாம்; அருங்காட்சியகக் குறிப்பைப் பேத்தி வாசித்துச் சொன்னாள். ஒவ்வொரு நிறத்துக்கும் ஜெர்சி என்ற பின்னல் துணித் துண்டைத் தனித்தனியாக வெட்டி இணைத்திருக்கிறார்கள். உடம்புக்கு வேண்டிய வளைவையெல்லாம், வெளியே ஒரு டார்ட்கூட (உடம்பு வளைவுக்காகத் துணியை மடித்துப் பிடிக்கும் தையல்) தெரியாமல், கோடுகளின் தையலுக்குள்ளேயே ஒளித்துவிட்டார்கள். கேட்டதும் கத்தரியைக் கீழே வைத்துவிட்டேன்.

பாப் ஆர்ட் பாணியில் சூப் டப்பாப் படம் போட்ட காகித உடையை அமெரிக்காவில் ஒரு டாலருக்கும் இரண்டு சூப் லேபிளுக்கும் கொடுத்தார்களே, அதற்குத் தையற்காரன் பெரிதாகத் தேவையில்லை. ஒப்புக்கொள்கிறேன்.

சென்ற மாதம் ஒரு கல்லூரிப் பெண், பெரிய பெரிய புள்ளிகளால் ஆன ஒரு முகம் அச்சடித்த துணியைக் கொண்டுவந்தாள். "டார்ட் பிடித்தால் ஒரு கண் உள்ளே போய்விடும், அம்மா" என்றேன். "முகம்தான் முக்கியம், தாத்தா" என்றாள். மாற்றி வெட்டலாமென்றால் துணி அளவாகத்தான் இருந்தது. டார்ட்டை அக்குள் பக்கம் திருப்பிக் கண்ணைக் காப்பாற்றுவதற்குள் அரை நாள் போயிற்று. கூலி, சாதாரணச் சட்டைக் கூலிதான். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. வெட்டுக்கும் விலை உண்டென்று அவளுக்கு யார் சொன்னார்கள்?

1974ல் முதலியார்பேட்டையில் பித்தான் கட்டும் பையனாகச் சேர்ந்தவன் நான். ரோடியர் மில் சங்கு ஊதினால் கடை திறப்போம். 24 அங்குலக் கால் வைத்த பெல்பாட்டத்துக்கு அப்போது 'புது மாடல்' என்று பெயர். இப்போது அதுதான் ரெட்ரோ. 2020ல் மில்லும் மூடிவிட்டது.

அந்த வடிவமைப்பாளரை மறுபடி பேட்டி எடுத்தால், அவருக்குத் துணி வெட்டித் தருபவர் யார் என்று கேட்டு, அந்தப் பெயரையும் போடுங்கள். பெயர் தெரியாது என்றால் அதையும் போடுங்கள்.

இப்படிக்கு,
தையற்காரர் ஒருவர்,
முதலியார்பேட்டை, புதுச்சேரி.